மாப்பிள்ளையின் கால்விரல்கள்

வெங்கடேஸ்வரி அழுகிற ஆண்களை நம்புவதில்லை.

மகளிர் காவல் நிலையத்தில் அவள் மேஜைக்கு எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து அழாத ஆண்கள் குறைவு. பெண்டாட்டியை அடித்துவிட்டு வந்தவன் அழுவான். அடிக்கவே இல்லை என்று சொல்ல வந்தவனும் அழுவான். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு, பஸ் ஏறும் முன்பே குடித்தவனும் உண்டு. கண்ணீரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. முகம் சொன்னபடி கேட்கும். குரலும் கேட்கும். கால்விரல்கள்தான் கேட்காது. பொய் சொல்லும்போது அவை சுருண்டு தரையைக் கவ்வும். ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஏட்டம்மா மரியாதை எதிர்பார்க்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவள் திருத்தவில்லை.

வன்னியம்பட்டியில் பிறந்தவள். அப்பாவுக்குப் பட்டாளம், அண்ணனுக்குப் பட்டாளம், கட்டிக்கொண்ட சமுத்திரத்துக்கும் பட்டாளம். அவன் வடக்கே எங்கோ பனியில் நின்ற வருடங்களில், போலீஸ் குடியிருப்பில் கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். குடியிருப்பின் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழாது. சாத்திய கதவின் அடியில் நெடிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்து, அதற்குள் ஒரு கரண்டியைப் போட்டு வைப்பாள். கதவு அசைந்தால் டம்ளர் சாயும். கரண்டி கத்தும். சமுத்திரம் ஓய்வுபெற்று வந்தான், ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டினான், கிரகப்பிரவேசம் முடிந்த இரண்டாம் வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். புது வீட்டுக் கதவில் மூன்று தாழ்ப்பாள். டம்ளர் வைக்கிற பழக்கம் மட்டும் நிற்கவில்லை. அவளும் எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வுபெற்றுவிட்டாள். படுக்கப் போகுமுன் டம்ளரும் கரண்டியும் கதவடிக்குப் போய்விடும். விடிந்ததும் கழுவி அலமாரிக்குத் திரும்பிவிடும். வெளியாள் யாருக்கும் இது தெரியாது.

மகள் அருள்செல்வி ராஜபாளையத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். காலையில் பஸ், சாயங்காலம் பஸ். அவளுக்கு வந்த மூன்று மாப்பிள்ளைகளை வெங்கடேஸ்வரி விசாரித்துத் தள்ளிவிட்டாள். ஒருவனுக்குக் கோபம் வந்தால் போனை உடைக்கிற பழக்கம். ஒருவன் ஏற்கெனவே ஒரு நிச்சயத்தை முறித்தவன். மூன்றாமவனிடம் எதுவும் அகப்படவில்லை. ஆனால் பெண் பார்க்க வந்த அன்று, அம்மாவோடு ஒத்துப்போவேன் என்று அவன் சொன்னபோது விரல்கள் ஜமுக்காளத்தைச் சுருட்டிவிட்டன.

நான்காவதைக் கொண்டுவந்தவன் அவள் தம்பி பாண்டிதுரை. மம்சாபுரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறான். போட்டோவை மேஜையில் வைத்தான்.

"பேரு விக்னேஸ்வரன். மில்லுல வேலை. நூலோட பலம் பாக்குற லேப். குடும்பம் தங்கமான குடும்பம்க்கா."

"உனக்கு யாரு சொன்னா?"

"வன்னியம்பட்டி கல்யாணத்துல பாத்தேன். நானேதான் பேச்சுக் குடுத்தேன்."

பதில் ரொம்ப வேகமாக வந்தது. வெங்கடேஸ்வரி அதைக் குறித்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் இவனுக்கு நன்றாகச் சாப்பாடு போட்டிருப்பார்கள் என்று நினைத்தாள்.

அருள்செல்வி போட்டோவைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குக் காட்டி, கொஞ்ச நேரம் பார்த்தாள். "மூக்கு கொஞ்சம் பெரிசு. இல்லம்மா?"

"ஆம்பளைக்கு மூக்கு பெரிசா இருந்தா என்னட்டி?" என்றாள் வெங்கடேஸ்வரி.

"உங்க இஷ்டம்மா." போட்டோவை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை பதில் சொல்லுறதா வாக்குக் குடுத்திருக்கேன்," என்றான் பாண்டிதுரை. "இதையும் தட்டிவிட்டேன்னு வையி, இனிமே நான் ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டு வர மாட்டேன். நீயே ஒரு போலீஸ்காரனப் பிடிச்சுக் கட்டி வச்சுக்க."

வெங்கடேஸ்வரிக்கு ஜாதகம் ஒரு பொருட்டில்லை. கன்னம் வீங்கிய ஒரு பெண் தன் மகளின் முகத்தோடு அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது. அவ்வளவுதான்.

விசாரிப்பை அவளே எடுத்துக்கொண்டாள். ராஜபாளையத்தில் அவன் தெருவுக்கு வாடகை வீடு பார்க்கிறவள் மாதிரி போனாள். வீட்டுக்கு மேற்கே காலி மனை, கிழக்கே மாவு மில். எதிர் வீட்டுக்காரி நல்ல பையன் என்றாள். மாவு மில்காரர் நல்ல பையன் என்றார். மளிகைக் கடையில் நல்ல பையன். எல்லோரும் நல்ல பையன் என்றால் எங்கோ இடிக்கிறது என்று பொருள். மில் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில்தான் நூல் நுனி அகப்பட்டது.

"நல்ல பையன்தான்," என்றார் டீ மாஸ்டர். "சனி ஞாயிறு மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. நாடகம் போடுதான்."

"என்ன நாடகம்? திருவிழா நாடகமா?"

"அதுன்னாத்தான் புரியுமே. இது வேற. ராஜா வேசம் கிடையாது, பாட்டு கிடையாது. அழுவாங்க, விழுவாங்க. எதுக்கு விழுந்தான்னு கேட்டா நீங்களே யோசிங்கம்பாங்க. விக்னேசு அழுதா பாக்கணும். பொலபொலன்னு கொட்டும். நெனச்ச நேரத்துக்கு அழுவான்."

வெங்கடேஸ்வரி டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தாள்.

நெனச்ச நேரத்துக்கு அழுகிறவன். பஸ்ஸில் அதையே மென்றுகொண்டு வந்தாள். பெஞ்சில் அழுதவர்கள் யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தட்டுத்தடுமாறித்தான் அழுதார்கள். இவன் பழகி வைத்திருக்கிறான். வீட்டில் இவன் அழுதால் எதைக் கொண்டு கண்டுபிடிப்பது?

அந்த வாரக் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு பழைய பஞ்சுக் குடோனில் சிறு நாடக விழா. வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாளும் விக்னேஸ்வரன் இருக்கிற குழுவுக்கு ஒவ்வொரு நாடகம். வெங்கடேஸ்வரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாயம் போன பூனம் சேலையைக் கட்டிக்கொண்டாள். மகளிடம், "கூட வேலை பார்த்த சுந்தரம்மாளை ஆஸ்பத்திரில சேத்திருக்காகளாம். பாத்துட்டு வாரேன்," என்றாள்.

"பாவம். என்ன செய்யுதாம்?"

"நெஞ்சுச் சளி."

"ஹார்லிக்ஸ் வாங்கிட்டுப் போங்கம்மா," என்றாள் அருள்செல்வி.

குடோனுக்குள் இன்னும் பஞ்சு வாடை இருந்தது. தரையோடு தரையாக ஒரு பக்கம் ஜமுக்காளம், அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், மறு பக்கம் இரண்டு விளக்கு. திரை கிடையாது. வாசலில் ஒரு பெண் பெயரும் ஊரும் கேட்டாள். "முத்தாத்தாள். ஆலங்குளம்," என்றாள் வெங்கடேஸ்வரி. நாற்காலியில் உட்காராமல் முன் வரிசை ஜமுக்காளத்தில் போய் உட்கார்ந்தாள். கால்கள் அங்கிருந்துதான் தெரியும்.

பக்கத்தில் வெள்ளைத் தொப்பியும் விசிறியுமாக ஒரு பெரியவர் சம்மணம் போட்டிருந்தார். குடோனுக்குப் பின்னால் லுங்கிக் கடை வைத்திருக்கிற அல்லா பிச்சை. ஒவ்வொரு வருடமும் வருகிறவர்.

"புதுசா வந்திருக்கீகளாக்கா?"

"ஆமா பாய்."

"மனச திடமா வச்சுக்கோங்க. போன வருசம் ஒருத்தன் முக்கா மணி நேரம் உக்காந்து வெங்காயம் உரிச்சான். வேற ஒண்ணும் செய்யலை. உரிச்சான், எந்திரிச்சான், போயிட்டான். எல்லாரும் கைதட்டுதாக."

"நீங்க?"

"நானும் தட்டினேன். வெங்காயம் வெல ஏறிக்கிடந்த நேரம்க்கா. இம்புட்டு உரிச்சுட்டானேன்னு இருந்துச்சு."

முதல் நாள் நாடகத்தின் பெயர் 'கூட்டிப் போக வந்தவன்'. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவியைத் திரும்பக் கூட்டிப்போக ஒருவன் வருகிறான். விக்னேஸ்வரன்தான் அவன். போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லி. மூக்கு பெரிசுதான். முதலில் அதட்டினான். அப்புறம் கெஞ்சினான். அப்புறம் அவள் நின்ற இடத்துக்கு முன்னால் மண்டியிட்டு அழுதான். டீ மாஸ்டர் சொன்னது பொய்யில்லை. கண்ணீர் தாடையில் இறங்கிச் சட்டையை நனைத்தது. பின்னால் நாற்காலிகளில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அல்லா பிச்சை விசிறியை நிறுத்திவிட்டார்.

வெங்கடேஸ்வரி முகத்தைப் பார்க்கவில்லை. மண்டியிட்டிருந்தவன் எழுந்து நின்றபோது கால்களைப் பார்த்தாள். வெறுங்கால். பத்து விரலும் விரிந்து, பாய் விரித்த மாதிரி தரையில் படிந்து கிடந்தன. ஒன்றுகூடச் சுருளவில்லை.

 இந்த அழுகை பொய் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவன் கால்களுக்கு மட்டும் தெரியவில்லை.

நாடகத்தில் மனைவி கடைசியில் அவனோடு போய்விட்டாள். கைதட்டல் அடங்கியதும் தாடி வைத்த ஒருவர் மைக்கோடு வந்தார். இயக்குநர் கௌதம்ராஜ். பார்வையாளர்கள் மனதில் பட்டதைச் சொல்லலாம் என்றார். ஒரு கல்லூரிப் பெண் ரொம்ப நேரம் பேசினாள். மைக் முன் வரிசைக்கு வந்தபோது வெங்கடேஸ்வரி கையை ஆட்டி வேண்டாம் என்றாள். அல்லா பிச்சையின் காதில் மட்டும் சொன்னாள்:

"அந்தப் பிள்ளை போயிருக்கக் கூடாது பாய். மறு வாரம் மண்டைய உடைச்சிருப்பான்."

"எழுந்து சொல்லுங்கக்கா அத."

"எனக்கெதுக்கு."

"ஆனா அவன் அழுதான்ல? நிசமாத்தான அழுதான்?"

"அதான் பிரச்சினையே," என்றாள் வெங்கடேஸ்வரி.

இரண்டாம் நாள் நாடகம் 'சாக்கு'. நான்கு பேர் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சில்லை. ஒருவர் எழுந்தால் மற்றவர் உட்கார்ந்தார். பாதி நாடகத்தில் தெருநாய் ஒன்று குடோனுக்குள் வந்து விளக்கு வெளிச்சத்தில் நின்று, சாக்குகளை முகர்ந்து பார்த்துவிட்டு நடுவில் சுருண்டு படுத்தது. நடிகர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். முடிந்ததும் கருத்துச் சொன்னவர்களில் இரண்டு பேர் நாயைப் பற்றித்தான் பேசினார்கள். நாய் வரும் இடம் தன்னை உலுக்கிவிட்டது என்றார் ஒரு பேராசிரியர். கௌதம்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு, ஆமாம் என்பது போலவும் இல்லை என்பது போலவும் தலையாட்டினார்.

"நம்ம கடைக்கு முன்னால படுக்குற நாய்க்கா அது," என்றார் அல்லா பிச்சை. "நான் பன்னு போட்ட பழக்கத்துல பின்னாலேயே வந்துருச்சு."

"சொல்லிற வேண்டியதுதான பாய்."

"எப்படிச் சொல்ல? அம்புட்டுப் பேருக்கும் பிடிச்சுப் போச்சு."

வெங்கடேஸ்வரிக்கு நாயைப் பற்றிக் கருத்தில்லை. ஒரு விஷயத்தைச் சொல்ல வந்தவன் நேராகச் சொல்லாமல் சாக்கைப் போர்த்திக்கொள்கிறான் என்றால், சாக்குக்குள் ஏதோ இருக்கிறது. நாடகம் போடுகிற எல்லோரிடமும் அவளுக்கு இந்தச் சந்தேகம் பிறந்துவிட்டது. அதோடு, நாடகம் முடிந்து சாக்கை மடிக்கும்போது கூட நடித்த ஒரு பெண் விக்னேஸ்வரனின் தோளில் ஒட்டியிருந்த நாரை எடுத்துவிட்டாள். கேட்காமல் எடுத்தாள். அவனும் திரும்பிப் பார்க்கவில்லை. பழகிய தோள்.

இரண்டு பேரும் டீக்கடைக்கு நடந்தபோது வெங்கடேஸ்வரி பின்னாலேயே போனாள். அங்கே ஒரு ஆள் மடியில் குழந்தையோடு காத்திருந்தான். குழந்தை அந்தப் பெண்ணைப் பார்த்ததும் தாவியது. "எங்கம்மா சாக்கு! எங்கம்மா சாக்கு!" என்று கத்தியது. விக்னேஸ்வரன் குழந்தையின் மூக்கைப் பிடித்து, "உங்கம்மா சாக்குன்னா நான் யாருடா?" என்றான். "நீ கோணி மாமா," என்றது குழந்தை.

அந்தச் சந்தேகம் போயிற்று. ஆனால் ஒன்று போனால் சந்தேகம் குறைந்துவிடும் என்று யார் சொன்னார்கள்? இன்னும் ஆழமாக எங்கோ இருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போனதும் அருள்செல்வி கேட்டாள்.

"சுந்தரம்மாச் சித்திக்கு எப்படிம்மா இருக்கு?"

"இன்னும் சளி கரையலை."

"நாளைக்கும் போறீங்களா?"

"போகணும்."

"பாவம்," என்றாள் அருள்செல்வி.

மூன்றாம் நாள் நாடகம் மத்தியானமே தொடங்கிவிடும் என்று போட்டிருந்தார்கள். பெயர் 'உள்தாழ்'. எழுதியது, நடிப்பது இரண்டும் விக்னேஸ்வரன். ஒற்றை ஆள் நாடகம். மரச் சட்டத்தில் ஒரு கதவை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். சுவர் இல்லை, வெறும் கதவு.

அவன் வேட்டியோடு வந்தான். ஒரு துண்டை எடுத்துத் தோளில் முந்தானை மாதிரிப் போட்டுக்கொண்டான். குரலை மாற்றவில்லை, இடுப்பை வளைக்கவில்லை. ஆனால் நடை மாறிவிட்டது. மகளோடு தனியாக இருக்கிற ஒரு அம்மா. மகள் அங்கே இல்லை, அவன் பேசுவதிலிருந்து இருக்கிறாள் என்று தெரிந்தது. கதவைச் சாத்தினான். மேல் தாழ், நடுத் தாழ், கீழ்த் தாழ். இழுத்துப் பார்த்தான். பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பவும் இழுத்துப் பார்த்தான். சிரிப்பு கூடியது. பிறகு உள்ளே போய் எதையோ எடுத்து வந்தான்.

நெடிய எவர்சில்வர் டம்ளர்.

அதைக் கதவடியில் வைத்தான். கவிழ்த்து வைக்கவில்லை, நிமிர்த்தி வைத்தான். இடுப்பிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து, சத்தம் வராமல், டம்ளருக்குள் இறக்கினான்.

குடோனே சிரித்தது. அல்லா பிச்சை விசிறியால் தொடையைத் தட்டினார். "என்னா பொம்பளைக்கா இவ! வெடிகுண்டு வைக்குற மாதிரி வைக்கா பாருங்க!"

வெங்கடேஸ்வரியின் காதுக்குள் இரைந்தது. நாடகத்தை அவள் அப்புறம் பார்க்கவில்லை. ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தாள். டம்ளர் தெரிந்தவர்கள் யார்? சமுத்திரத்துக்குத் தெரியும், அவன் இல்லை. பாண்டிதுரைக்குத் தெரியாது. அவன் ராத் தங்கினதே கிடையாது. வேலைக்காரி பகலில் வருகிறவள். கழித்துக்கொண்டே வந்து கடைசியில் ஒருத்தி நின்றாள்.

அவள் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, மூக்கு கொஞ்சம் பெரிசு என்றாள்.

முதலில் வந்தது கோபம். வீட்டுக்குள் நடப்பதை வெளியே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாள். ஊர்க்காரர்கள் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். எழுந்து போய்விடலாம் என்று காலை மடக்கினாள். அப்போது சிரிப்பு நின்றிருப்பது உறைத்தது. மேடையில் மகள் போய்விட்டிருந்தாள், கல்யாணமாகியோ வேலைக்கோ. அந்த அம்மா ஒற்றை ஆளாகக் கதவைச் சாத்தி, மூன்று தாழும் போட்டு, டம்ளரை வைத்தாள். கரண்டியை இறக்கினாள். காவல் காக்க உள்ளே யாரும் இல்லை. வைத்துவிட்டுக் கதவோரமே சுருண்டு படுத்தாள். "யாரது?" என்று ஒரு தடவை கேட்டாள். விளக்கு அணைந்தது.

விளக்கு வந்ததும் கைதட்டினார்கள். கௌதம்ராஜ் மைக்கை நீட்டியபோது இந்த முறை வெங்கடேஸ்வரி வாங்கிக்கொண்டாள். ஜமுக்காளத்தில் உட்கார்ந்தபடியே பேசினாள்.

"எங்க ஊரு ஆலங்குளம். அங்க ஒரு பொம்பள இருக்கா. அவளும் இப்படித்தான் டம்ளர் வைப்பா. நீங்க வச்சது எல்லாம் சரி. கரண்டி போட்டது மொதக்கொண்டு சரி. ஆனா காரணம் தப்பு. அவ பயந்துக்கிட்டு வைக்கலை. கதவத் தொறக்குறவன் தொறக்கட்டும். வாரவன் யாருன்னு முழிச்சிருந்து பாக்கணும். அதுக்குத்தான் வைக்கா. கதவோரம் சுருண்டு படுக்குற பொம்பள இல்ல அவ."

குரலில் ஸ்டேஷன் இருந்தது. அவளுக்கே கேட்டது.

யாரோ கைதட்டினார்கள். விக்னேஸ்வரன் கைதட்டவில்லை. தோளில் முந்தானைத் துண்டோடு அவளையே பார்த்தான். அருள்செல்வியின் போனில் அவன் பார்த்திருந்த அம்மா தொப்பியும் பெல்ட்டும் போட்டவள். சாயம் போன சேலையை அவன் இரண்டு நாளாகக் கடந்து போயிருந்தான். இப்போது அவன் முகத்தில் ஒவ்வொரு இடமாக நிறம் இறங்குவது ஜமுக்காளம் வரை தெரிந்தது.

கூட்டம் கலைந்தது. வெங்கடேஸ்வரி வாசலுக்கு வருவதற்குள் அவன் வெறுங்காலோடு ஓடிவந்தான், இரண்டு கையிலும் டீ.

"டீ குடிங்க அத்தை."

"யாருக்கு யாரு அத்தை?"

"இல்ல. அம்மா. அம்மான்னு சொல்ல வந்தேன்."

"நான் ஆலங்குளத்துக்காரி. பேரு முத்தாத்தாள்."

"ஆமாம்மா," என்றான் அவசரமாக. "முத்தாத்தாள்தான்." அவளுக்காக அவன் சாட்சி சொல்வது போலிருந்தது.

அவள் டீயை வாங்கிக்கொண்டாள். கண்ணைத் தாழ்த்தினாள்.

"இந்தக் கதை எங்க கெடச்சது தம்பி?"

"கற்பனைம்மா."

இடது கால் கட்டைவிரல் மடங்கியது.

"டம்ளரு?"

"அதுவும் கற்பனைதான்."

மிச்ச நான்கு விரல்களும் மடங்கின.

"அதுக்குள்ள கரண்டி?"

"கரண்டி வந்து..." அவன் குடோனின் கூரையைப் பார்த்தான். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை. "பக்கத்து வீட்டுல ஒரு அம்மா. அவங்கதான் அப்படி வைப்பாங்க. சின்ன வயசுல பாத்திருக்கேன்."

"எந்தப் பக்கத்து வீடு? கெழக்கா, மேக்கா?"

"மேக்க."

"மேக்க காலி மனையில்ல கெடக்கு."

ஆலங்குளத்து முத்தாத்தாளுக்குத் தன் வீட்டுக்கு மேற்கே காலி மனை என்று எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. பத்து விரலும் சுருண்டு சிமெண்டைப் பிறாண்டின. குதிகால்கூடத் தூக்கிக்கொண்டது. காது மடல் சிவந்தது, ஆடை படிந்த டீ அவன் வேட்டியில் சிந்தியது. அவள் பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் ஒருவன்கூட இவ்வளவு மோசமாகப் பொய் சொன்னதில்லை. முதல் தடவை திருடிப் பிடிபட்டவன்கூட இதைவிடத் தேவலை.

முந்தாநாள் அந்தக் கால்கள் ஏன் அசையாமல் கிடந்தன என்று அவளுக்கு விளங்கியது. அங்கே அவன் யாரையும் ஏமாற்றவில்லை. இங்கேதான் ஏமாற்றப் பார்க்கிறான். வரவில்லை.

"அவ மேல கோவப்படாதீங்க," என்றான் திடீரென்று.

"எவ மேல?"

 அதற்கு ஒரு பொய்கூட அவனிடம் மிச்சமில்லை.

வெங்கடேஸ்வரி டீயை மிச்சம் வைக்காமல் குடித்தாள். கிளாஸை அவன் கையில் கொடுத்தாள். "மூக்கத் தொடச்சுக்க. பவுடர் ஒட்டியிருக்கு," என்றுவிட்டு நடந்தாள். வாசலில் அல்லா பிச்சை நின்றிருந்தார்.

"நல்லாக் கேட்டீகக்கா. பையனுக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. அடுத்த வருசமும் வருவீகள்ல?"

"வரவேண்டியதாத்தான் இருக்கும்னு நெனைக்கேன்," என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மலைப்பக்கம் மேகம் இறங்கியிருந்தது. இப்போது ஒவ்வொன்றாக வந்தன. பாண்டிதுரையின் வேகமான பதில். வன்னியம்பட்டிக் கல்யாணம். ஹார்லிக்ஸ் வாங்கிட்டுப் போங்க. நாளைக்கும் போறீங்களா. மூக்கு பெரிசு என்று அருள்செல்வி சொன்னதும், தான் அந்த மூக்குக்காக வாதாடியது. போன ஆடிப்பூரத்துக்கு அவள் தேர் பார்க்கக் கூட்டாளிகளோடு போகிறேன் என்று சொல்லிவிட்டு, வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து, எந்தக் கூட்டாளிக்குச் செருப்பு தொலைந்தது என்று நீட்டி முழக்கிச் சொன்னது. அந்தச் செருப்பின் நிறம்கூட வெங்கடேஸ்வரிக்கு ஞாபகம் இருந்தது. அவ்வளவு நன்றாகச் சொன்னாள்.

ஊரில் ஒருவன் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்டிருக்கிறாள். டீ மாஸ்டரை, மாவு மில்லை, தோளில் நார் எடுத்த பெண்ணை. தன் வீட்டுக்குள் மட்டும் ஒரு நாளும் கால்களைப் பார்த்ததில்லை.

வீட்டு வாசலில் பாண்டிதுரையின் பைக் நின்றது. உள்ளே கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தான். அருள்செல்வி தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பஸ் மம்சாபுரம் விலக்கைத் தாண்டும் முன்பே அவளுக்குப் போன் வந்திருக்கும். சந்தேகமே இல்லை. இருந்தும் நிமிர்ந்து, சாதாரணமாகக் கேட்டாள்:

"சித்தி எப்படிம்மா இருக்காக?"

"டிஸ்சார்ஜ் பண்ணிட்டாக," என்றாள் வெங்கடேஸ்வரி.

"அப்பாடா. நல்லதாப் போச்சு."

வெங்கடேஸ்வரி குனிந்து பார்த்தாள். மருதாணி வைத்த பத்து விரலும் மொசைக் தரையில் விரிந்து, சாவகாசமாகக் கிடந்தன. அரிவாள்மணையில் வெண்டைக்காய் ஒரே அளவில் விழுந்துகொண்டிருந்தது.

"என்னக்கா, ஞாயித்துக்கிழமை வந்துருச்சு," என்றான் பாண்டிதுரை. "அவிய போன் மேல போன் போடுதாக. பையன விசாரிச்சியா இல்லையா?"

"விசாரிச்சேன்."

"எப்படி?"

"பொய் சொல்லத் தெரியலை."

பாண்டிதுரை அக்காவையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப நல்லதுதான? சரின்னு சொல்லிறவா?"

"சொல்லு. வெள்ளிக்கிழமை வரச் சொல்லு." வெங்கடேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஏலே, அவிய வீட்டுல நம்ம பிள்ளையப் பத்தி விசாரிச்சாகளா?"

"அதுல என்னக்கா விசாரிக்க? போலீஸ்காரம்மா வளத்த பிள்ளை. ஊருக்கே தெரியும்."

"எதுக்கும் ஒருவாட்டி விசாரிச்சுக்கிடச் சொல்லு," என்றாள் வெங்கடேஸ்வரி. "பாவம், அந்தப் பையன்."

அருள்செல்வி நறுக்கிய காயைத் தட்டில் அள்ளிக்கொண்டு எழுந்தாள். மாமாவின் காலி டம்ளரையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நடையில் ஒரு பிசகும் இல்லை.